நாய்ப் பங்கு

குஜிலியம்பாறை
12.3.2024

அன்புள்ள அக்கா,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை மாயி இப்போதுதான் தூங்கினாள். இந்த வீட்டில் எனக்கென்று கிடைப்பது அவள் தூக்கம் மட்டும்தான். போன் செய்தால் என்ன என்பாய். இங்கே போன் என்றால் ஸ்பீக்கர். என் மாமியார் ராமுத்தாய்க்குக் காது நன்றாகக் கேட்கும். கொழுந்தன் சுருளிவேலுக்கு அதைவிட நன்றாகக் கேட்கும். வாட்ஸப் வந்தால் எனக்கு முன்னால் அவன் படித்துவிட்டு, "மதினி, ஒங்க அக்கா சாப்ட்டாச்சான்னு கேக்குது" என்று அடுப்படிக்கே வந்து சொல்வான். இவர் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவார், தூங்குவார், போவார். அதனால்தான் தபால். பதிலை நான் வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளி விலாசத்துக்குப் போடு.

நீ நலமா? பரேலியில் குளிர் விட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா?

விஷயம் நாயைப் பற்றியது. எங்கள் வீட்டுச் செவலையின் பின்புறத்தில் அரிசி ஒட்டினாற்போல் ஏதோ இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அரிசி நகர்கிறது. திண்டுக்கல்லில் ஒரு மாட்டு டாக்டரிடம் வண்டி பிடித்துக் கூட்டிப் போனேன். "நாடாப்புழும்மா, மாத்திரை குடுங்க" என்றார். எந்த நாடாப்புழு என்று கேட்டேன். "எதுவா இருந்தா என்னம்மா? என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். எம்.எஸ்ஸி. விலங்கியல் என்றேன். "நல்லது. வீட்ல கோழி வளர்க்கலாமே."

சிவராத்திரிக்குக் கருப்பசாமி கோயிலில் கிடா வெட்டினார்கள். கறியைக் கூறு போடுவதற்கு முன்னால் 'நாய்ப் பங்கு' என்று ஒன்று எடுப்பது இவர்கள் குலவழக்கம். கருப்பன் வேட்டைக்குக் கூட்டிப்போகும் நாய்க்காம். எதைக் கொடுப்பார்கள் தெரியுமா? ஈரலில் நீர்க்குமிழ் இருந்தால் மனுசன் தின்ன முடியாதல்லவா, அந்தத் துண்டைத்தான். சுருளிவேல் அதை விரலால் அமுக்கிக் காட்டி, "பாத்தீங்களா மதினி, தண்ணி பாக்கெட்டு" என்று சொல்லி, கண்ணில் ஒற்றிக்கொண்டு செவலைக்கும் தன் வேட்டை நாய்கள் இரண்டுக்கும் வீசினான். நான் கத்தினேன். "காலேஜு கத்துது" என்று சிரித்தார்கள். நாலு வருடமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன்.

மாயி அந்த நாயின் வாய்க்குள் கைவிட்டு எலும்பைப் பிடுங்கி விளையாடுகிறவள். அதன் மேலேயே படுத்துத் தூங்குகிறாள். செவலைக்கு இருப்பது எந்தப் புழு? உன் வேலையே அதுதானே, நீ சொல்.

உன்
பானு

பரேலி
27.3.2024

பானு,

எனக்கென்ன, இருக்கிறேன். உன் புகுந்த வீட்டுக் காதுகளை விசாரித்ததாகச் சொல்.

உன் மாட்டு டாக்டர் முட்டாள்தான், ஆனால் பாதி முட்டாள். அரிசி மாதிரி நகர்வது தெள்ளுப்பூச்சியால் வரும் நாடாப்புழுவின் துண்டு. பார்க்க அருவருப்பு, கேடு குறைவு. முயலும் குடலும் தின்கிற வேட்டை நாய்களுக்கு வருவது வேறு, நீளமானது, அதையும் கண்ணால் பார்க்கலாம். நீ பயப்பட வேண்டியது பார்க்க முடியாத மூன்றாவதற்கு. முழுப் புழுவே எள்ளளவுதான். அதன் முட்டையும் இரண்டாவதன் முட்டையும் மைக்ராஸ்கோப்பில் ஒரே அச்சு. பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவன் பொய் சொல்கிறான். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அந்த மாதிரி பி.சி.ஆர். செய்தால்தான் தெரியும்.

உன் கொழுந்தன் அமுக்கிக் காட்டிய தண்ணி பாக்கெட்டுக்குள் இருப்பது அந்த மூன்றாவதன் குஞ்சாக இருக்கலாம். நாய் அதைத் தின்றால் நாய்க்குள் புழு. அந்தப் புழுவின் முட்டை நாயின் மலத்திலிருந்து ரோமத்துக்கும், அங்கிருந்து பிள்ளையின் வாய்க்கும் போனால் பிள்ளைக்குள் கட்டி. பக்தியோடு நோய் வளர்க்கிற குடும்பம் உன்னுடையது. நீயே பார்த்துக் கட்டிக்கொண்டதுதானே.

மூன்று நாய்களின் மலமும் வேண்டும். கரட்டுக் குன்றுப் பக்கம் நரி இருந்தால் அதனுடையதும் அனுப்பு, என் ஆராய்ச்சியில் சமவெளி நரி ஒன்றுகூட இல்லை. மாதிரி எடுக்கும்வரை மாத்திரை கொடுக்காதே. செவலையைக் கட்டிப்போடு, பிள்ளையைக் கிட்டே விடாதே. கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. தொட்டவர்களை எனக்குத் தெரியும்.

அறிவுச்செல்வி

குஜிலியம்பாறை
9.4.2024

அன்புள்ள அக்கா,

உன் திட்டு நலமாக வந்து சேர்ந்தது. நீ நலமா? வெயில் ஆரம்பித்திருக்குமே, சாப்பிடுகிறாயா?

இத்துடன் பாட்டில்கள். கூரியர்காரன் உள்ளே என்ன என்று கேட்டான், மாவடு என்றேன். எல்லாவற்றையும் பார்மலினில் போட்டு ஒழுங்காகச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

நரி மலத்துக்குக் கரட்டுக்குப் போனேன். நாயுடையது என்றால் ரேஷன் அரிசி தெரியும். நரியுடையதில் முயல் ரோமம், வண்டின் சிறகு, இலந்தைக் கொட்டை. அதுவும் பாறை உச்சியாகப் பார்த்து வைத்திருக்கும். உள்ளூர்க் கவுன்சிலரைவிட அதற்கு விளம்பரம் தெரிகிறது. நான் குச்சியால் கிளறிக்கொண்டிருந்ததை ஆடு மேய்க்கிற நாச்சிமுத்து பார்த்துவிட்டார். கருப்பன் கோயிலுக்குப் பூசாரியும் அவர்தான். ராத்திரிக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. "மருமக நரிப் பீய அள்ளுறாளாம்ல?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்க, என் மாமியார், "படிச்ச பிள்ள, எதுக்காச்சும் ஆகும்னு அள்ளிருப்பா" என்றார். இதைவிடக் கேவலமாக யாரும் எனக்குப் பரிந்து பேசியதில்லை.

சுருளிவேல் சொல்கிறான், நோயெல்லாம் நரியிடமிருந்துதான் வருகிறதாம். அவன் நாய்கள் சுத்தமாம். சொல்லிவிட்டு அதே கையால் மாயிக்குப் பப்ஸ் பிய்த்துக் கொடுத்தான்.

பதிலை எதிர்பார்க்கும்
பானு

பரேலி
30.4.2024

பானு,

எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் தங்கப்பதக்கம் வாங்கியவளுக்குப் பார்மலினில் போட்டால் உருவம் நிற்கும், மரபணு நாசமாகும் என்று தெரியவில்லை. நீ அனுப்பியது ஊறுகாய். கொட்டிவிட்டேன். சர்ஜிக்கல் ஸ்பிரிட் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், அதில் போடு. ஸ்பிரிட்டிலும் முட்டை சாகாது என்பதை மறந்துவிடாதே. கொழுந்தன் குடிப்பதில் போடலாமா என்று கேட்டுவிடாதே. அதில் நாற்பது சொச்சம் சதவீதம்தான், நமக்குப் போதாது.

இன்னொன்று. நாய்க்கு என்ன புழு என்று தெரிந்துகொள்ள எவளும் நாலு பக்கம் எழுதமாட்டாள். இரண்டு கடிதத்திலும் நாய், நரி, கொழுந்தன் என்று எல்லோரைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். மாயி எப்படி இருக்கிறாள்?

அறிவுச்செல்வி

குஜிலியம்பாறை
14.5.2024

அன்புள்ள அக்கா,

நீ நலமா? சென்ற கடிதத்தில் கையெழுத்து கோணலாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினாயா?

புதுப் பாட்டில்கள் அனுப்பியிருக்கிறேன். ஸ்பிரிட்தான், கையுறையும் போட்டேன். நாய்களுக்கு A, B, C, நரிகளுடையதற்கு எண். செவலை A. பாட்டில்கள் கூரியரில் ஏறிய அன்றே மூன்றுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டேன். சுருளிவேலின் நாய்களுக்கு மட்டும் அவனுக்குத் தெரியாமல் கருவாட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். அவன் கண்டுபிடித்துவிட்டான். "மதினி எங்க சிங்கத்துக்கு வசியம் வச்சுட்டாக" என்று தெருவே கேட்கச் சொன்னான். அந்தச் சிங்கத்தின் விலா எலும்பை எண்ணிவிடலாம். முயலைப் பிடித்தால் அவனுக்குக் கறி, அதற்குக் குடல். வனத்துறைக்கு எழுதிப்போடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்தில் சுகாதார தினம் என்று பேசச் சொன்னார்கள். ஈரலை நாய்க்குப் போடாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள் என்றேன். தாளாளர் மேடையில் இருந்தபடியே கொட்டாவி விட்டார். முடிந்ததும், "மேடம், அடுத்த வருசம் கை கழுவுறதப் பத்திப் பேசுங்க, பேரன்ட்ஸுக்கு அது போதும்" என்றார். தண்ணீர் வராத குழாயை வைத்துக்கொண்டு கை கழுவச் சொல்கிறார்.

மாயி நன்றாக இருக்கிறாள். சாப்பாடுதான் சரியாக இறங்கவில்லை. வெயில் காலம்தானே.

முடிவை உடனே எழுது.

பானு

பரேலி
2.6.2024

பானு,

எனக்கென்ன.

பாட்டில்கள் கிடைத்தன. மாயியைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதாதவரை முடிவு வராது. வெயில் காலம் என்று என்னிடம் சொல்லாதே.

அறிவுச்செல்வி

குஜிலியம்பாறை
11.6.2024

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன், நலமா?

பிப்ரவரியில் மாயி வயிறு வலிக்கிறது என்றாள். இங்கே உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லி எண்ணெய் தேய்த்து நீவினார்கள். பல் டாக்டரிடம் போகிறோம் என்று பொய் சொல்லி நான் அவளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தேன். ஈரலின் வலப்பக்கம் நீர்க்கட்டி. மூன்று சென்டிமீட்டர். குழந்தை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே, "பிறவியிலேயே இருக்கிற சாதாரணக் கட்டியா இருக்கலாம். நாய்ப்புழுக் கட்டியாவும் இருக்கலாம்" என்றார். ரத்தப் பரிசோதனையும் இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. சாதாரணக் கட்டி என்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மற்றது என்றால் மாதக்கணக்கில் மாத்திரை, சரிவராவிட்டால் அறுவை. "வீட்ல நாய் இருக்கா? அதச் சோதிச்சீங்களா?" என்று கேட்டார்.

போதுமா?

யாருக்கும் சொல்லவில்லை. இவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் இவர் தம்பியிடம் கேட்பார். தம்பி நாயை அடித்துக் கொல்வான். மாமியார் குறி கேட்கப் போவார். கடைசியில் பிள்ளையைச் சுத்தமாக வளர்க்காத தாய் நான் என்று முடியும். நான் என்ன, இவர்கள் ஈரலைத் தூக்கி எறிந்தபோது ஊருக்கா போயிருந்தேன்? உனக்கு எழுதினாலும் எழுத்தில் வந்துவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்தேன். எம்.எஸ்ஸி. படித்தவள் பயப்படுகிற லட்சணம் இது.

மாயிக்குத் தெரியாது. செவலையை ஏன் கட்டியிருக்கிறாய் என்று கேட்டு அழுகிறாள். முடிவைச் சொல்.

பானு

குஜிலியம்பாறை
9.7.2024

அக்கா,

ஒரு மாதமாகிறது. உன் போனும் அணைந்தே கிடக்கிறது. பிடிவாதமாகக் கேட்டு வாங்கினாய், எழுதினேன், இப்போது வாயை மூடிக்கொண்டாய். என் பிள்ளையின் கட்டி உனக்குக் கட்டுரைக்கு ஆகாதோ என்னவோ. நரியுடையது என்றால் உடனே எழுதியிருப்பாய். இந்த வீட்டு ஆட்களையாவது பார்த்தால் முட்டாள் என்று தெரிந்துவிடும். நீ படித்தவள், உன்னைப் பார்த்து ஒன்றும் தெரிவதில்லை.

நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

பானு

பரேலி
20.7.2024

பானு,

எனக்கென்ன, இருக்கிறேன். டெல்லியில் ஒரு வேலை இருந்தது, நேற்றுதான் வந்தேன். திட்டியதற்குக் கோபமில்லை. உனக்குத் திட்டவும் ஒழுங்காக வரவில்லை.

முடிவு. நரிகள் எதிலும் மூன்றாவது புழு இல்லை. முயலிலிருந்து வருவது மட்டும்தான் இருக்கிறது. நரிக்கு யாரும் கும்பிட்டு ஈரல் கொடுப்பதில்லையே. B சுத்தம். C-யில் இருக்கிறது. A-யில் உன் அரிசிப் புழுவும் இருக்கிறது, அதற்குப் பின்னால் அந்த மூன்றாவதும் இருக்கிறது. நம்பாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொருத்தரை விட்டுப் போடச் சொன்னேன். அதேதான்.

நாய்க்கு இருப்பதாலேயே மாயிக்கு இருப்பதும் அதுதான் என்று சட்டமில்லை. ஆனால் இனிமேல் எந்த டாக்டரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று சொல்லமாட்டார். இந்தத் தாளையும் பழைய ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போ. கட்டிக்கு இரட்டைச் சுவர் தெரிகிறதா என்று பார்க்கச் சொல், தெரிந்தால் நாய்ப்புழுதான். புருசனிடம் சொல். தனியாகப் போகாதே, அது ரொம்பக் கஷ்டம்.

மாத்திரை ஆரம்பித்தால் நெய்ச்சோற்றோடு கொடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் நெஞ்சைப் பிரட்டிக்கொண்டு வரும். மூன்றாவது வாரம் சீப்பில் கொத்தாக முடி வரும். பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடாதே, திரும்ப முளைத்துவிடும்.

நாய்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை. ஈரலைப் புதை, இல்லையென்றால் ஒரு மணி நேரம் கொதிக்கவிடு, உள்ளே இருப்பது செத்துவிடும். அந்த ஜனங்களிடம் நீ வழக்கமாகச் சொல்கிற மாதிரி சொல்லாதே. உன் குரலில் கேட்டால் நானே ஈரலை எடுத்து நாய்க்குப் போடுவேன்.

அறிவுச்செல்வி

குஜிலியம்பாறை
12.8.2024

அன்புள்ள அக்கா,

போன கடிதத்தில் எழுதியதற்கு வருந்துகிறேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். இவர் எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைத்தார். துடைத்த வண்டியையே மறுபடியும் துடைத்தார். ஆம்பளைக்கு அழத் துணி வேண்டியிருக்கிறது. சுருளிவேல் நான் எதிர்பார்த்தபடியே கட்டையைத் தூக்கிக்கொண்டு செவலையிடம் போனான். நான் குறுக்கே நின்று, "ஈரலப் போட்ட கை யாரோடது? அத முதல்ல அடி" என்றேன். கட்டையைக் கீழே போட்டுவிட்டான். அன்று முழுக்க யார் போனையும் எடுத்துப் படிக்கவில்லை.

மாமியார் ஒன்றுதான் கேட்டார். "எம்புட்டுப் பெருசு?" நெல்லிக்காய் அளவு என்றேன். கையை விரித்து அதில் ஒரு நெல்லிக்காய் இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தார். குறி கேட்கப் போகவில்லை. என்ன செய்தால் அந்தச் சனியன் சாகும் என்று கேட்டார். கொதிக்கவிட்டால் சாகும் என்றேன்.

மூன்று நாள் முன்பு, ஆடி நாலாம் வெள்ளி, கோயிலில் கிடா. சுருளிவேல் பழக்கதோஷத்தில் ஈரலை அறுத்து நாய்ப் பங்கைக் கையில் எடுத்துவிட்டான்.

"ஏலே, வை கீழ" என்றார் மாமியார்.

"ஆத்தா, கருப்பன் பங்கு."

"கருப்பனுக்குப் பொங்கல வேக வச்சுத்தானலே படைக்கிற? அவன் நாய்க்கு மட்டும் என்ன பச்சையா? போடு அண்டாவுல."

பூசாரி நாச்சிமுத்து, "ராமுத்தாயி, இது வழக்கத்துல இல்லாதது" என்றார்.

"வழக்கத்த நான் பாத்துக்கிறேன். நீ செத்த நேரம் பேசாம வெறக எடுத்துக் குடு."

ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதித்தது. அந்த நாற்றத்தில் ஊரே நின்றது. இனிமேல் நாய்ப் பங்கு வெந்துதான் போகவேண்டும் என்று நாச்சிமுத்து தானே கண்டுபிடித்ததுபோல எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாதக்கணக்கில் விளக்கினேன். ஒருத்தரும் என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் கண்ணும் எரிந்தது, விறகு ஈரம்.

மதுரையில் டாக்டர் படத்தைப் பார்த்தார். இரட்டைச் சுவர் இருக்கிறது. மாயிக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று, மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன். சுருங்கும் என்று நம்புகிறார், நானும் நம்ப முயற்சி செய்கிறேன். நெய்ச்சோற்றோடு கொடுக்கிறேன். பாதியைச் செவலைக்கு வீசப் பார்க்கிறாள்.

நீ எழுதியிருந்ததை மதுரை டாக்டரிடம் சொன்னேன். மூன்றாவது வாரம் முடி கொட்டுமா, சீப்பில் கொத்தாக வருமா என்று கேட்டேன். "சிலருக்குக் கொட்டும். இவ்வளவு கரெக்டா யார் சொன்னாங்க?" என்றார். என் அக்கா என்றேன். டாக்டரா என்றார். இல்லை, லேபில் இருக்கிறாள், நாய் மலம் சோதிக்கிறவள் என்றேன். பேனாவை வைத்துவிட்டு, "உங்க அக்கா இந்த மாத்திரை சாப்பிட்டிருக்காங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எனக்கென்ன. எனக்கென்ன. எனக்கென்ன. ஒரு மாதம் அணைந்து கிடந்த போன். டெல்லியில் ஒரு வேலை. கையுறை போடாமல் தொட்டவர்களை உனக்குத் தெரியும். தனியாகப் போவது ரொம்பக் கஷ்டம். இவ்வளவு நாள் நாயைப் பற்றி எழுதி பிள்ளையை மறைத்தவள் நான். என்னிடமே இந்த வித்தையைக் காட்டுகிறாய். தங்கப்பதக்கம் எனக்குத்தான் கொடுத்தார்கள், நினைவிருக்கட்டும்.

கரட்டில் புதிதாக எடுத்த நரிப் பாட்டில்கள் என்னிடம் இருக்கின்றன. ஸ்பிரிட்டில்தான். உள்ளது உள்ளபடி நீ எழுதாதவரை அவை வராது. உனக்குக் கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, டெல்லியில் உன்னோடு யார் இருந்தார்கள், அதை எழுது. நாய்களைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

நீ நலமா, அக்கா? சீக்கிரம் பதில் போடு.

பானு